வகுப்பறைக்குள் வந்த பந்தயம்

நான் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றது 2017-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள். அதற்குப் பத்தொன்பது நாள்களுக்கு முன்னர், மே 12 அன்று, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாயின. காலை முதல் என் அறைத் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. பெற்றோர், பழைய மாணவர், உள்ளூர்ப் பெரியவர் எனப் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த வருசம் மாநிலத்துல யாருங்க முதலாவது?" எவரும் இல்லை என்று விடை சொன்னேன். "அதெப்படீங்க, யாராச்சும் ஒருத்தர் இருந்துதானுங்களே ஆகோணும்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். எல்லாரினும் மிகுந்த மதிப்பெண் பெற்ற பிள்ளை எங்கோ ஓரிடத்தில் இருக்கத்தான் செய்தது. ஆயின் அதன் பெயரை அரசு அறிவிக்கவில்லை. மாநிலத் தரவரிசை இனி வெளியிடப்பெறாது என்று, கோபிச்செட்டிப்பாளையத்தைச் சேர்ந்தவரும் அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சருமான கே. ஏ. செங்கோட்டையன் முந்தின நாளில் அறிவித்திருந்தார்.

ஆக, நானும் தரவரிசையும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனோடு பழகியவன் நான்; அதை வளர்த்தவர்களுள் ஒருவன் என்றும் சொல்லலாம். பிள்ளைகளை ஒருவருக்கெதிராக ஒருவரை நிறுத்தி ஓடவிடும் இந்தப் பழக்கம் நம் வகுப்பறைக்குள் எவ்வாறு வந்தது, அது பிள்ளைகளை என்ன செய்தது என்பதை நம் கொங்கு நாட்டை நடுவாக வைத்து இன்று சொல்ல விரும்புகிறேன்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் போட்டியே கிடையாது என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். வரலாறு அதற்கு இடங்கொடுப்பதில்லை. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். உதகமண்டலத்தை உருவாக்கிய ஜான் சலிவன் அப்போது கோயம்புத்தூர்க் கலெக்டர். அவர் அனுப்பிய கணக்கில் 763 பள்ளிகளும் 8,206 மாணவர்களும் காணப்படுகின்றனர். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பத்துப் பதினொரு பிள்ளைகள். பெண் குழந்தைகள் அரிதினும் அரிது. இன்று நாம் குறை சொல்லும் பள்ளிகள், வாயிலிலேயே தடுக்கப்பட்டவர்களையெல்லாம் உள்ளே விட்ட பள்ளிகள் என்பதை இங்கேயே நினைவிற்கொள்வது நல்லது.

அக்கணக்கெடுப்பின் பகுதியாக, பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் ஒரு செய்தி எழுதினார். காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருவோனுக்கு ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடும். கடைசியில் வந்தவன் பாடு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! போட்டி இருந்தது, பிரம்பும் இருந்தது. ஆயினும் அந்தப் போட்டியில் ஓர் இயல்பைக் கவனிக்க வேண்டும். இன்று சுழி வாங்கியவன் நாளைக் கோழி கூவும்போதே எழுந்து வந்தால் கலைமகள் அவன் கையில். வரிசை ஒவ்வொரு காலையிலும் அழிந்து மீண்டும் எழுதப்பட்டது. பாடத்திலோ, ஒவ்வொருவனும் தன் நடைக்கேற்ப அரிச்சுவடியையும் எண்சுவடியையும் முடித்து அடுத்த சுவடிக்குப் போனான். ஒரே நாளில் ஒரே பாடத்தை எல்லாரும் முடிக்கவேண்டும் என்னும் விதி இல்லை.

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் பழகும் நம் பிள்ளைகளையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டு, அவற்றைத் தம் பள்ளியில் புகுத்தி 1797-இல் ஒரு சிறு நூல் எழுதினார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. பெல் இதனோடு தம் பங்காக ஒன்றைச் சேர்த்தார். சரியாக விடை சொன்னவன் மேலிடத்துக்கு ஏறுவதும் தவறியவன் கீழே இறங்குவதுமாக, வகுப்பு எப்போதும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கூடிக் கற்பதற்காகக் கண்ட முறை ஏறி இறங்கும் ஏணியாயிற்று. இடம் மாறி உட்காரவைக்கும் அந்தப் பழக்கம் எத்தனையோ ஆண்டு கழித்து என் வகுப்பிலும் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பந்தயத்துக்குப் பணம் கட்டியது அரசுதான். 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஒரு விதி கொண்டுவந்தார்: ஆய்வாளர் நடத்தும் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அத்தனைக்குத்தான் பள்ளிக்கு மானியம். அடுத்த சில ஆண்டுகளில் நம் மாகாணத்துக்கும் இந்த ஏற்பாடு வந்து, நெடுங்காலம் நீடித்தது. ஆசிரியரின் வீட்டில் அடுப்பெரிவது, பிள்ளை வாசகத்தைப் பிழையின்றி ஒப்பிப்பதைப் பொறுத்ததாயிற்று. ஆய்வாளர் வரும் நாளுக்காகக் குறித்த பக்கங்களை மனப்பாடம் செய்விப்பதும், தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளையைக் கவனியாது விடுவதும் அதன் இயல்பான விளைவுகள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. இந்த வரலாற்றை எந்தக் காலத்தில் தொட்டாலும், பந்தயத்தில் ஓடுவது பிள்ளை. பரிசு போய்ச் சேர்வது பெரியவர் கைக்கு.

ஆசிரியப் பயிற்சியின்போது நான் படித்த உளவியல் பாடத்தில் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 1898-இல் அமெரிக்காவின் இந்தியானாவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் நாற்பது சிறுவர் சிறுமியரைக்கொண்டு தூண்டில் நூல் சுற்றும் உருளையைச் சுழற்றச் செய்தார்; தனியாக ஒருமுறை, பக்கத்தில் இன்னொரு பிள்ளையோடு போட்டியாக ஒருமுறை. நூல் சுற்றுவதில் நம் கோவைக்குத் தெரியாததா என்று வகுப்பில் சிரித்தோம். முடிவோ சிரிக்கத்தக்கதன்று. ஏறத்தாழ இருபது பிள்ளைகள் போட்டியில் விரைந்தனர். பத்துப் பிள்ளைகளிடம் மாறுதல் இல்லை. எஞ்சிய பத்துப் பிள்ளைகள் பதறிப்போயினர். கை தடுமாறித் தாம் தனியே செய்ததைக் காட்டிலும் மெதுவாகச் சுற்றினர். பிற்காலத்தார் அவர் கணக்கை மீண்டும் ஆராய்ந்து, விரைந்தோர் பெற்ற வேகமும் அத்துணைப் பெரிதன்று என்றனர். நான் வகுப்பில் நின்ற காலமெல்லாம் அந்தப் பத்துப் பேரை அடையாளம் கண்டுகொண்டே இருந்தேன். வீட்டுக் கணக்கில் பிழை செய்யாத பையன், தேர்வு மணி அடித்ததும் கூட்டலில் தவறுவான். அவனை மந்தன் என்றே முதலில் எழுதிவைத்தேன்.

நம் கொங்கு நாட்டிலேயே இதை முன்னுணர்ந்தவர்கள் இருந்தனர். தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்துக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் 1934-இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். ஒன்றாக உழைத்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகக் கற்கும் வாழ்க்கையே அங்கே கல்வியின் அடிப்படை. அங்கே தலைமையாசிரியராய் இருந்தவர் ஈரோட்டுப் பக்கத்தவரான பெரியசாமித் தூரன். கல்லூரியில் இறுதித் தேர்வு எழுத வேண்டிய நேரத்தில், 1931-இல், பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தி கேட்டுத் தேர்வையே எழுதாமல் விட்டவர் அவர். அந்த மனிதர்தாம் பின்னாளில் தமிழுக்குக் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் குழந்தைகளுக்கென்று வேறு பத்துத் தொகுதிகளையும் பதிப்பித்தார். குழந்தை மனம் எவ்வாறு மலர்கிறது என்பதைப் பற்றித் தமிழில் எழுத ஆளில்லாத காலத்தில் எளிய நூல்கள் எழுதியவரும் அவரே.

அக்காலத்தில் அரசும் இதை அறியாமலில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, தேர்வே பாடத்தை ஆள்கிறது என்று வருந்தியது. எண்ணால் மதிப்பெண் இடுவதை விட்டுக் குறியீட்டால் நிலை காட்டலாம் என்றும், ஆண்டு முழுவதும் மாணவன் செய்த வேலையைக் கணக்கிற்கொள்ள வேண்டும் என்றும் 1953-இல் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. எழுபது ஆண்டு கடந்தும் அதன் பாதிக்குமேல் தாளிலேயே உறங்குகிறது.

நான் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது 1976-இல். தேர்வு முடிவு செய்தித்தாளில் வெறும் எண்களாக வரும். எங்கள் ஊரில் தேநீர்க்கடைக்கு வந்த ஒரே தாளை இருபது பேர் சூழ்ந்து நிற்போம். எண் இருந்தால் தேர்ச்சி, இல்லையென்றால் இல்லை. எண் இல்லாதவன் அன்று மாலையே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனான். அடுத்த ஆண்டு மீண்டும் எழுதினான். அது இனிய காலம் என்று நான் சொல்லவில்லை. எங்களோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் அந்தத் தாளில் எண் தேடும் நிலைக்கே வரவில்லை. ஆயின் யார் முதல்வன் என்பது பள்ளிக்கூடச் சுவருக்குள் முடிந்துபோன செய்தி.

பிறகு என்ன நேர்ந்தது? 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்து, 1980-இல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. 1984 முதல் தனியார் பொறியியற் கல்லூரிகள் தோன்றலாயின; தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வும் வந்தது. கொங்கு நாட்டு மண்ணோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பது. கிணறு வெட்டி, ஆழ்துளைக் கிணறு தோண்டி, 1932-இல் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரத்தால் நீர் இறைத்து, ஆலைகளும் பட்டறைகளும் வைத்து முன்னேறிய மக்கள் இவர்கள். நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளை வண்டியும் வளர்ந்தன. அவற்றை வளர்த்தவர்களிற் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். 'நாம் பட்ட பாடு பிள்ளை படவேண்டாம்' என்னும் ஒரே எண்ணம் அவர்களுக்கு. அந்த எண்ணத்தில் குற்றம் காண எனக்கு வாய் எழாது. என் தந்தையாரும் அப்படித்தான் எண்ணினார்.

1997 சனவரியில் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், சில ஆண்டுகளுக்குள் தமிழகம் முழுவதும் அறிந்த பெயராயிற்று. கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் ஊர் என்பதால் அன்று. விடுதியோடு கூடிய மேல்நிலைப் பள்ளிகளால். இராமநாதபுரத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டனர். பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தும் வழக்கம் பல இடங்களில் ஏற்பட்டது. எல்லாப் பள்ளிகளும் அப்படியே என்பது அநியாயம். அங்கே படித்துவிட்டு என்னைக் காணவந்த பழைய மாணவர்கள் சொன்னதையே சொல்கிறேன். விடியுமுன் எழுப்பும் மணி, காலை உணவுக்கு முன் ஒரு தேர்வு, இரவு பதினொரு மணி வரை படிப்பு, ஞாயிற்றுக்கிழமையிலும் தேர்வு. மாதம் ஒருமுறை பெற்றோர் வருவர். தாய் ஒப்புட்டு சுட்டுக்கொண்டு வருவாள்; பிள்ளை அதைத் தின்றுகொண்டே புத்தகத்தைப் புரட்டும்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கின்றனர் மருத்துவர். நாளுக்கு ஒரு மணி நேரமேனும் ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. பகலில் கற்றதை மூளை ஒழுங்குபடுத்திப் பதிய வைப்பது உறக்கத்தில்தான். உறக்கத்தைக் குறைத்துப் படிப்பைக் கூட்டுவது, விதைநெல்லைக் குத்திச் சோறாக்கி விருந்து வைப்பதை ஒக்கும். அந்தப் பிள்ளைகளுள் பலர் மருத்துவரும் பொறியாளரும் ஆயினர் என்பது உண்மை. அவர்களில் ஒருவன், இன்று நல்ல மருத்துவன், என்னிடம் சொன்னான்: "அந்த ரெண்டு வருசத்துல ஒரு சினேகிதன் பேருகூட எனக்கு ஞாபகமில்லீங்க சார். மார்க்குத்தான் ஞாபகம்."

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1993-இல் கோவைக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் பத்தாம் வகுப்பு ஆசிரியன். மாதத் தேர்வு முடிந்ததும் ராங்க் கார்டு எழுதுவதோடு நில்லாமல், மதிப்பெண் வரிசைப்படி பெஞ்சில் உட்கார வைத்தேன். முதற்பெஞ்சில் முதல் ஐவர். கடைசிப் பெஞ்சில் கடைசி ஐவர். தேர்ச்சி விழுக்காடு ஏறியது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அவ்வகுப்பில் அடுத்தடுத்த தோட்டத்துப் பெண்கள் இருவர். ஒன்றாம் வகுப்பு முதல் ஒரே தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து பகிர்ந்து உண்டவர்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் ஒருத்தியின் கணக்கு நோட்டைக் காணவில்லை. அழுது தேடினாள். மறுநாள் அது விறகுக் கொட்டகைக் கூரையில் ஓட்டுக்கடியில் கிடைத்தது. ஒளித்தவள் மற்றவள்தான்.

நான் தனியே அழைத்துக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "அவ படிச்சுட்டா நான் ரெண்டாவது பெஞ்சுக்குப் போகோணுமுங்க சார். எங்கப்பா பெஞ்சத்தான் கேப்பாரு" என்றாள்.

அடிக்க ஓங்கிய என் கை இறங்கிவிட்டது. நோட்டை ஒளித்தது அவள். ஒளிக்கச் சொன்னது நான் போட்டு வைத்த பெஞ்சு. மறுவாரமே உயரத்தின்படி அனைவரையும் உட்கார வைத்தேன். அவ்விருவரும் ஒரே உயரம். ஒரே பெஞ்சில் வந்தனர். பழைய நட்பு திரும்பியதா என்று கேட்பீர்கள். திரும்பவில்லை. பத்தாம் வகுப்பு முடியும் வரை இரண்டு தூக்குப்போசி வந்தது.

போட்டியையே நஞ்சென்று நான் ஒதுக்குவதாக எண்ணிவிடாதீர்கள். கபடிக் களத்தில் தோற்ற பையன் மாலையில் வென்றவனோடு சேர்ந்து கிணற்றில் குதித்து நீந்துவான். நாளைக்கும் ஆட்டம் உண்டு. வேண்டாமென்றால் விலகவும் உரிமை உண்டு. அதனால் அப்போட்டி அவனை வளர்க்கிறது. தேர்வையும் நான் பழிப்பதில்லை. சிபாரிசு பிடிக்க வழியற்ற ஏழைக் குடியானவன் மகனுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது விடைத்தாளில் பெயரில்லாமல் எண் மட்டும் எழுதும் தேர்வுதான். இடம் நூறு, கேட்பவர் ஆயிரம் என்றால் எப்படியாவது தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். ஆனால் சலித்தெடுப்பது வேறு, பயிர் வளர்ப்பது வேறு. களத்தில் அறுவடை நாளில் ஒருமுறை எடுக்கும் சல்லடையை, முளைவிட்ட நாள் முதல் பாத்திக்குள் ஆட்டிக்கொண்டிருந்தால் என்ன மிஞ்சும்?

இஸ்ரேல் நாட்டில் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆசிரியர்களைச் சிந்திக்க வைத்தது. மாணவரின் வேலையைத் திருத்தி, ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவினருக்குக் குறிப்புரை மட்டும், ஒரு பிரிவினருக்கு இரண்டும் கொடுத்தார். ஆர்வமும் திறனும் மேம்பட்டது குறிப்புரை மட்டும் பெற்றவர்களிடம். இரண்டும் பெற்றவர்கள் எண்ணைப் பார்த்தனர், உரையைப் பார்க்கவில்லை. நாற்பது விடைத்தாளில் சிவப்பு மையால் குறிப்பெழுதிக் கை வலித்த எந்த ஆசிரியரும் இதை நம்புவார்.

நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே அனைத்தையும் தீர்மானிக்கலாயிற்று. ஊர்ப்புற மாணவருக்கு அது நன்மையே. ஆனால் ஓட்டம் நிற்கவில்லை, பாதை மாறியது. 'சென்டம்' எத்தனை என்பதே பேச்சாயிற்று. பத்தாம் வகுப்பில் 2014-இல் 500-க்கு 499 பெற்று மாநில முதலிடம் பெற்றோர் 19 பேர். மறு ஆண்டு அவ்விடத்தில் 41 பேர். முதல் மூன்று இடங்களையும் சேர்த்தால் 773 பேர். முதலிடத்தில் 41 பேர் நிற்க முடியுமானால் அது இடமா, சந்தைப்பேட்டையா? ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தவர்கள் வீடுகளில் அன்று இழவு விழுந்தாற்போல் இருந்ததை நான் அறிவேன். அதே ஆண்டுகளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பொறியியற் கல்லூரிகளில் பல்லாயிரம் இடங்கள் ஆளின்றிக் கிடந்தன. இடப்பற்றாக்குறையால் பிறந்த பந்தயம், பற்றாக்குறை நீங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. ஏனெனில் பள்ளிகளுக்கு விளம்பரம் வேண்டியிருந்தது.

2017-இல் தரவரிசை நின்றதற்கு இதுவே பின்னணி. அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. அந்த ஆண்டின் பாடத்தை எவரும் தாண்டிப் போகக்கூடாதென்பது நோக்கம். நோக்கம் சரியே, ஆயினும் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டும் பொதுத்தேர்வாயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பதினோராம் வகுப்புத் தேர்வை நீக்கியது. இடையே 2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்குமே பொதுத்தேர்வு என்றொரு ஆணை வந்தது. பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத்தேர்வா என்று ஆசிரியரும் பெற்றோரும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரி 4-ஆம் நாள் அது திரும்பப் பெறப்பட்டது. நான் ஓய்விலிருந்தேன், எனினும் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

தமிழர் வாழும் பிற நாடுகளையும் பாருங்கள். இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தேர்வின் வேர் 1940-களில் உள்ளது. கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த காலத்தில், சிற்றூரின் ஏழைப் பிள்ளையை நல்ல பள்ளிக்கு அனுப்பப் பிறந்த அருமையான ஏற்பாடு. நாளடைவில் அது யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பத்து வயதுக் குழந்தைகளைத் தனிப்பயிற்சி வகுப்புக்கு விரட்டும் பந்தயமாயிற்று. சிங்கப்பூரோ வேறு வழி போயிற்று. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை 2019 முதல் மாணவர் அறிக்கையில் அச்சிடுவதில்லை என்று அந்நாட்டுக் கல்வி அமைச்சு முடிவு செய்தது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு மதிப்பெண் வழங்கும் தேர்வுகளையும் நீக்கியது. தேர்வுக்குப் பெயர்போன நாடு அது.

தரவரிசை போனதால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. 2017-லேயே மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தது. நாமக்கல்லில் பல பள்ளிகள் பயிற்சி மையங்களாயின. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, ஒரே கோட்டில் நின்று ஓட முடியாதவர்க்கென்று தனிக் கோடு போட்டுத் தந்தது. அதனால் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளை நானே கண்டேன். மற்றப்படி ஓட்டம் ஓட்டந்தான். ஆனால் மே மாதக் காலையில், ஒரு குழந்தையின் முகம் மாநிலம் முழுவதும் பரவுவதும், மற்றக் குழந்தைகள் தத்தம் வீட்டில் அதன்முன் நிறுத்தப்பட்டு ஏசப்படுவதும் பெரும்பாலும் நின்றுவிட்டன. ஒன்பது ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். இப்போது அந்தக் காலையில் வரும் கேள்வி, "உனக்கு எவ்வளவு?" என்பது. "அவளுக்கு எவ்வளவு?" என்பது அதற்குப் பின்னர்தான் வருகிறது. சிறு மாற்றம் என்று சிலர் சொல்லலாம். கேட்கப்படும் பிள்ளைக்குச் சிறிதன்று.

நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில், தலைமையாசிரியர் அறையில், தேக்கு மரப்பலகை ஒன்று உண்டு. ஆண்டுதோறும் பள்ளியில் முதலாவதாக வந்தவரின் பெயரும் மதிப்பெண்ணும் வெள்ளைச் சாயத்தால் எழுதப்பட்டிருக்கும். நான் பெஞ்சு மாற்றிய அந்தச் சிற்றூர்ப் பள்ளியும் இதே பள்ளிதான். தலைமையாசிரியனாக இங்கேயே திரும்பி வந்தேன். 1994-க்கு நேரே உள்ள பெயர் அவ்விரு பெண்களுள் ஒருத்தியுடையது. எவள் என்று சொல்வது முறையன்று.

2017 மே இறுதியில் ஓவியர் வழக்கம்போல் சாயக் குவளையோடு வந்தார். பலகையில் இன்னும் நான்கு வரிக்கு இடம் இருந்தது. "இந்த வருசம் யாரு பேருங்க சார் எழுதறது?" என்றார். மாநிலமே எழுதாதபோது நாம் எதற்கு என்று சொல்லி, அவருக்குரிய கூலியைக் கொடுத்து, பள்ளி வாயிலில் மங்கியிருந்த பள்ளியின் பெயரைப் புதுப்பிக்கச் சொன்னேன். எனக்குப் பின் வந்தவரும் அந்தப் பலகையில் எழுதவில்லை. சென்ற பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். நான்கு வரியும் அப்படியே இருந்தன.